கிருபையும் கற்பனையும்

தமிழகத்தை விட்டு வந்து இத்தக்காண மண்ணில் குடியேறிய நாம், ஆண்டுக்கொரு முறை ஒரே பந்தலின்கீழ்க் கூடித் தமிழ் பேசி மகிழ்கின்றோம். இந்நன்னாளில், "கிறிஸ்தவ விசுவாசத்தில் அறநெறிச் சட்டத்திற்கு உள்ள இடம் யாது?" என்பது பற்றிச் சில சொல்லுமாறு எம்மைப் பணித்த சங்கத்தாருக்கு எமது நன்றி உரித்தாகுக.

இப்பொருள் எம் மனத்தில் எழுந்ததற்குக் காரணம் இரண்டு கேள்விகள். நமது காலனியில் அண்டை வீட்டு இளைஞர் ஒருவர் ஒரு மாலைப் பொழுதில் எம்மை வினவினார்: "பாவம் செய்தவன் மனம் வருந்தினால் கடவுள் கிருபையால் மன்னிப்பார் என்கிறீர்கள். அங்ஙனமாயின் ஒழுக்கச் சட்டம் எதற்கு?" அருகிலிருந்த அவர் தந்தையார் மறுபுறமாகக் கேட்டார்: "ஒழுக்கமாக வாழ்ந்தாலே போதுமே. அதற்குமேல் விசுவாசம் என்று ஒன்று எதற்கு?" இரண்டும் நேர்மையான கேள்விகள். இரண்டிற்கும் ஒருங்கே விடை காண முயல்வோம்.

முதலில் ஒரு சொல் விளக்கம். "கற்பனை" என்றவுடன் நம்மில் பெரும்பாலோர்க்குப் புலவரின் புனைவே நினைவுக்கு வரும். தமிழ்க் கிறிஸ்தவ வழக்கிலோ அச்சொல்லுக்குக் கட்டளை என்பது பொருள். மோசே சீனாய் மலையில் பெற்ற பத்துக் கட்டளைகளைப் "பத்துக் கற்பனைகள்" என்றே நம் முன்னோர் வழங்கினர். கொலை செய்யாதிருத்தல், களவு செய்யாதிருத்தல், பொய்ச் சாட்சி சொல்லாதிருத்தல், தாய் தந்தையரைக் கனம்பண்ணுதல் என்பன அவற்றுட் சில. இவை எந்தத் தமிழ் நெஞ்சத்திற்கும் புதியன அல்ல. நீதி நூல்களோடு வளர்ந்த நமக்கு இவை பழகிய குரலே.

ஆனால் விவிலியத்தின் யாத்திராகமத்தில் இக்கற்பனைகள் வரும் முறையை நாம் உற்று நோக்குதல் வேண்டும். அவை கட்டளையுடன் தொடங்கவில்லை. எகிப்தில் அடிமைகளாய் இருந்த மக்களைக் கடவுள் முதலில் விடுவிக்கின்றார். அவ்விடுதலையை நினைவூட்டிய பின்னரே கட்டளையிடுகின்றார். விடுதலை முன்னது, சட்டம் பின்னது. கற்பனைகளைக் கைக்கொண்டதற்குக் கூலியாக விடுதலை கிடைக்கவில்லை. விடுதலை பெற்ற மக்கள் எவ்வாறு வாழ வேண்டும் என்பதற்கு வழியாகக் கற்பனைகள் கிடைத்தன. கிறிஸ்தவ அறத்தின் திறவுகோல் இவ்வரிசையிலேயே உள்ளது.

அப்படியாயின் சட்டத்தின் பணி யாது? திருச்சபையின் ஆசிரியர்கள் அதனைப் பலவாறு விளக்கியுள்ளனர். ஒன்று, அது கண்ணாடி போன்றது; நம் முகத்திலுள்ள கறையைக் காட்டும், ஆனால் தானே கழுவிவிடாது. மற்றொன்று, அப்போஸ்தலர் பவுல் கலாத்தியருக்கு எழுதிய நிருபத்தில் காட்டும் உவமை. பழைய தமிழ் விவிலியம் "உபாத்தி" என்று பெயர்க்கும் கிரேக்கச் சொல், அக்காலத்தில் செல்வர் வீட்டுச் சிறுவரைக் கைப்பிடித்துப் பள்ளிக்கு அழைத்துச் சென்ற பணியாளரைக் குறித்தது. அங்ஙனம் சட்டம் நம்மைக் கிறிஸ்துவினிடம் அழைத்துச் செல்கின்றது. மூன்றாவதாக, மன்னிப்புப் பெற்றவன் நன்றியுடன் நடந்து செல்லும் பாதையும் அதுவே. கிருபையைப் பற்றி ஓயாது முழங்கிய மார்ட்டின் லூத்தர், 1529இல் இல்லந்தோறும் பயில எழுதிய சிறிய ஞானோபதேசத்தில் பத்துக் கற்பனைகளையே முதற்பாடமாக வைத்தார் என்பது ஈண்டு நினைக்கத்தக்கது.

இவையெல்லாம் ஏட்டுச் செய்திகள் என்று எண்ணிவிட வேண்டா. ஏட்டிலிருந்து வீட்டிற்கு வரும்போதுதான் சோதனை தொடங்குகின்றது. நம் தமிழகத்துத் திருச்சபையின் வரலாற்றிலேயே அதற்குச் சான்று உண்டு. 18ஆம் நூற்றாண்டிலிருந்தே தரங்கம்பாடியிலும் தஞ்சையிலும் கிறிஸ்தவச் சபைகள் வளர்ந்தன. சிறுவரும் பத்துக் கற்பனைகளைப் பாராமல் ஒப்பித்தனர். ஆயினும் ஆலயத்தினுள் சாதிக்கொரு பக்கமாக அமர்ந்தனர்; திருவிருந்திலும் முன்னவர் பின்னவர் என்ற வேறுபாடு நின்றது. 1833இல் கல்கத்தா அத்தியட்சர் தானியேல் வில்சன், திருச்சபையில் சாதி வேறுபாட்டை அறவே ஒழிக்குமாறு சுற்றறிக்கை விடுத்தார். தஞ்சையிலும் சென்னை வேப்பேரியிலும் பலர் அதனை எதிர்த்தனர். சாதி என்பது உலக வழக்கம், அது சமயத்தைச் சார்ந்ததன்று என்பது அவர்கள் வாதம். எதிர்த்தவர்கள் பக்தியற்றவர்கள் அல்லர். அதுவே நம்மைச் சிந்திக்கச் செய்வது. பிறரிடத்து அன்பு கூர்தல் என்னும் கற்பனையை வாயாரச் சொல்லிக்கொண்டே, அண்டையில் அமர இருந்தவனை விலக்கி வைக்க மனிதனால் இயலும். கண்ணாடியை நாள்தோறும் துடைத்து வைத்தோம். அதில் முகம் பார்க்கத் தவறினோம்.

இனி, நாம் வாழும் இந்நிலப்பகுதிக்கு வருவோம். சிக்கந்திராபாத்திலிருந்து காசிப்பேட்டை, விஜயவாடா வழியாகச் சென்னை செல்லும் வண்டிகள் டோர்ணக்கல் சந்திப்பைக் கடக்கின்றன. பெரும்பாலும் உறக்கத்திலேயே அவ்வூரை நாம் கடந்து போகின்றோம். ஆனால் அது ஒரு தமிழர் தம் வாழ்நாளை ஈந்த ஊர். நெல்லைச் சீமையின் வெள்ளாளன்விளையில் 1874இல் பிறந்த வேதநாயகம் சாமுவேல் அசரியா, 1903இல் திருநெல்வேலியில் இந்திய மிஷனெரி சங்கம் தோன்றக் காரணமானவர்களுள் ஒருவர். அன்னியர் பொருளும் அன்னியர் ஆளும் இன்றி, நம்மவரே நம்மவரிடம் செல்ல வேண்டும் என்பது அச்சங்கத்தின் கொள்கை. அதன்படி 1909இல் அவரே நிஜாம் அரசைச் சேர்ந்திருந்த டோர்ணக்கலுக்கு வந்து, தெலுங்கு கற்றுத் தொண்டாற்றினார். 1912 டிசம்பர் 29இல் கல்கத்தாவில் அத்தியட்சராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிக்கன் திருச்சபையில் அப்பதவியை எய்திய முதல் இந்தியர் அவரே. 1945 ஜனவரி 1ஆம் நாள் மறையும்வரை அப்பணியிலேயே இருந்தார்.

அவரிடம் வந்தவர்களுள் மிகப் பெரும்பாலோர் மாலர், மாதிகர் என்னும் ஒடுக்கப்பட்ட மக்கள். ஊராரால் ஒதுக்கப்பட்ட இவ்விரு குலத்தாரும் தமக்குள்ளேயும் ஒருவரை ஒருவர் ஒதுக்கினர். எழுத்தறியாத அவர்களுக்கு ஊர்தோறும் உபதேசியார்கள் பாட்டாலும் கதையாலும் கற்பித்தனர். விசுவாசப் பிரமாணம், கர்த்தருடைய ஜெபம், பத்துக் கற்பனைகள் ஆகிய மூன்றும் பாடங்களாயின. குடியையும் கடனையும் விடுதல், மனைவியை அடியாதிருத்தல், தம் எளிய வருவாயிலும் ஒரு பிடி அரிசியைக் கடவுளுக்கென எடுத்து வைத்தல் என்றெல்லாம் நடைமுறையில் அறம் வற்புறுத்தப்பட்டது. யாவற்றிலும் கடினமானது ஒன்றிருந்தது. மாலரும் மாதிகரும் ஒரே கிண்ணத்திலிருந்து திருவிருந்து பருக வேண்டும். தஞ்சையில் சறுக்கிய அதே இடம் இது.

இங்கே வரிசையைக் கவனியுங்கள். "முதலில் ஒழுக்கமடைந்து வாருங்கள், பிறகு சேர்த்துக்கொள்வோம்" என்று அவர்களிடம் சொல்லியிருந்தால், தலைமுறை தலைமுறையாகத் தாழ்வையே கேட்டு வந்த அவர்கள் தலை நிமிர்ந்திருப்பரோ? "கடவுளுக்கு நீங்கள் பிள்ளைகள்" என்ற செய்தி முதலில் வந்தது. பிள்ளை என்று அறிந்தவன் பிள்ளையாக நடக்க முயன்றான். அம்மக்களிடம் விளைந்த மாற்றத்தைக் கண்டே பின்னாளில் மேற்குலத்தார் சிலரும் அத்திருச்சபையை நாடினர். மலைப்பிரசங்கத்தைப் பெரிதும் போற்றிய காந்தியடிகள் இம்மதமாற்றத்தை ஏற்கவில்லை. 1930களில் இருவர்க்கும் கருத்து மாறுபாடு நிலவியது. ஆயினும் தீண்டாமை ஒழிய வேண்டும் என்பதில் இருவரும் ஒரே கரையில் நின்றனர்.

இதனால் விசுவாசம் உடையார்க்கே அறம் உரியது என்று யாம் கூறவில்லை. எல்லா மனிதர் இதயத்திலும் கடவுளின் சட்டம் எழுதப்பட்டுள்ளது என்பது பவுலின் கொள்கை. அதனால்தான் தரங்கம்பாடிக்கு 1706இல் வந்த சீகன்பால்கு, நீதிவெண்பா, கொன்றைவேந்தன், உலகநீதி ஆகியவற்றை 1708இலேயே ஜெர்மன் மொழியில் பெயர்த்தார். வீரமாமுனிவர் திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் தந்தார். மாயூரத்தில் முன்சீபாக நீதி வழங்கிய கத்தோலிக்கரான வேதநாயகம் பிள்ளை, எச்சமயத்தாரும் பயிலத்தக்க நீதிநூலை 1859இல் வெளியிட்டார். அறம் நம் அனைவர்க்கும் பொதுவான முற்றம். அம்முற்றத்தில் நிற்க யாரும் யாரிடமும் அனுமதி பெற வேண்டுவதில்லை.

இப்பொழுது அவ்விரு கேள்விகளுக்கும் விடை கூறலாம். மன்னிப்பு உண்டாயின் சட்டம் எதற்கு என்று கேட்ட இளைஞருக்கு: தாய் மன்னிப்பாள் என்று அறிந்த மகன் அவளை மீண்டும் நோகச் செய்ய விரும்புவானோ? மன்னிப்பின் ஆழம் உணர்ந்தவனுக்கே கற்பனை இனிக்கும். அறமே போதும் என்ற பெரியவருக்கு: அறம் வழி காட்டுகின்றது, தவறி விழுந்தவனைத் தூக்கி நிறுத்தும் கையும் ஒன்று வேண்டியிருக்கிறது. அக்கையையே கிறிஸ்தவர் கிருபை என்கின்றனர். அக்கையைப் பற்றியவன் அருகில் விழுந்தவனுக்குத் தன் கையை நீட்டவில்லையாயின், அவன் விசுவாசம் உயிரற்றது என்று யாக்கோபின் நிருபம் ஐயத்திற்கு இடமின்றிச் சொல்கின்றது.

இறுதியாக ஒன்று. ஊரை விட்டு வந்தோம். ஊரில் இருந்த சிலவற்றை மட்டும் பெட்டியில் வைத்துப் பத்திரமாகக் கொண்டு வந்தோம். வரன் தேடும்போது அப்பெட்டியைத் திறக்கின்றோம். வீட்டு வேலைக்கு வரும் அம்மையார்க்குத் தனிக் குவளை வைக்கும்போதும் திறக்கின்றோம். கிறிஸ்தவராகிய யாமும் இதற்கு விலக்கல்லேம். ஞாயிறன்று ஆலயத்தில் கற்பனைகளைக் கேட்டுவிட்டுத் திங்களன்று அப்பெட்டியைத் திறந்தவர்களே. இதனைச் சொல்ல எமக்கு வெட்கமுண்டு. ஆயினும் கண்ணாடி காட்டும் கறையை மறைத்துப் பயனில்லை.

அடுத்த முறை சென்னை வண்டியில் செல்லுங்கால், டோர்ணக்கல் வரும் நேரம் விழித்திருந்தால், உங்கள் பிள்ளைகளிடம் அவ்வூரின் பெயரைச் சொல்லுங்கள். அங்கே 1939இல் பிரதிஷ்டை செய்யப்பட்ட ஆலயத்தில் நம் நாட்டுக் கோயில் தூண்களும் மசூதியின் குவிமாடங்களும் இணைந்து நிற்கின்றன என்றும், அதனை எழுப்பியவர் நெல்லைத் தமிழர் என்றும் சொல்லுங்கள். ஒரு காலத்தில் ஒரு கிணற்றில் நீர் மொள்ளாதவர்கள் அங்கே ஒரே கிண்ணத்தில் பருகினர் என்பதையும் மறவாது சொல்லுங்கள்.