முற்றத்தில் கணப்பு

டேராடூன் போன்ற மலையடிவார நகரில் வீடு கட்டிக்கொண்ட நம்மவர் சிலர், பின்முற்றத்தில் செங்கற் கணப்பொன்று அமைத்துக் குளிர்கால மாலைகளில் சுற்றி அமர விரும்புகின்றனர். நல்ல விருப்பமே. ஆனால் நெருப்பை எண்ணுமுன் நீரை எண்ணுதல் வேண்டும். அங்கே ஆண்டுக்கு ஏறத்தாழ 2,000 மில்லிமீட்டர் மழை. அதில் பெரும்பகுதி ஜூன் முதல் செப்டம்பருக்குள் கொட்டிவிடும்.

ஆகவே முற்றத்துத் தரை, வீட்டுச் சுவரைவிட்டு விலகி, மீட்டருக்கு 2 சென்டிமீட்டராவது சரிதல் வேண்டும். 'தரை மட்டமாக இருக்கிறது' என்று கொத்தனார் பெருமைப்பட்டால் நீங்கள் கவலைப்படுங்கள்! ஒரு வாளி நீரை ஊற்றி, அது போகும் வழியைப் பாருங்கள். அது அண்டை வீட்டாரின் சுவரடியைச் சேர்தல் ஆகாது.

கணப்பு மேட்டுப் பக்கத்தில் இருக்கட்டும். அதன் அடியில் சரளையும் ஒரு வடிதுளையும் வேண்டும். உட்புறத்திற்குத் தீச்செங்கல்லே ஏற்றது. ஆற்றுப் படுகைக் கூழாங்கற்கள் அங்கே மலிவு, அழகும்கூட. எனினும் அவற்றை நெருப்பருகே அடுக்காதீர்கள். உள்ளே ஊறிய நீர் ஆவியாகிக் கல் வெடித்துச் சிதறக்கூடும்.

எஞ்சிய தணலைக் குளிருக்கென்று படுக்கையறைக்குள் கொண்டு செல்வோர் உண்டு. அதிலிருந்து எழும் கார்பன் மோனாக்சைடுக்கு நிறமுமில்லை, மணமுமில்லை. உறங்குவோரை உறக்கத்திலேயே கொன்றுவிடும். தணலை முற்றத்திலேயே நீர் தெளித்து அவித்துவிட்டு, வெறுங்கையுடன் உள்ளே செல்லுங்கள்.