பத்தாயிரம் குதிரைகளும் ஒரு துண்டுக் குறிப்பும்

(ஸ்ரீவைகுண்டத்தில் இளைஞர்கள், வணிகர்களிடையே ஆற்றிய உரையிலிருந்து)



இங்கிருந்து தாமிரபரணியோடு கிழக்கே போனால் பழையகாயல். மார்க்கோ போலோ சொன்ன காயல் துறைமுகம் அதுதான் என்று 1881இல் வெளியான தமது திருநெல்வேலி வரலாற்றில் கால்டுவெல் எடுத்துக்காட்டினார்.

"ஆண்டுக்குப் பத்தாயிரம் அரபுக் குதிரைகள் நம் காயலில் இறங்கின" என்று ஒருவர் முழங்கினால் கைதட்டல் கிடைக்கும். ஆனால் மூலநூல் என்ன சொல்கிறது?

14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் பாரசீகத்தில் இருந்துகொண்டு வரலாறு எழுதியவர் வஸ்ஸாஃப். அவர் இரண்டு கணக்குகள் தருகிறார். கீஷ் தீவின் ஜமாலுத்தீனும் வணிகர்களும் ஆண்டுதோறும் 1,400 குதிரைகளை மஃபருக்கு, அதாவது நம் கீழைக் கடற்கரைக்கு, அனுப்ப ஒப்பந்தம். விலை குதிரைக்கு 220 பொன் தினார். இது ஒன்று. 10,000 என்பது மற்றொன்று. அது 1260இல் மறைந்த அத்தாபக் அபூபக்ர் காலத்தைப் பற்றிப் பிறர் சொன்னதாக அவர் எழுதுவது. அதுவும் மஃபருக்கு மட்டுமல்ல. கம்பாயத்துக்கும் பக்கத்துத் துறைமுகங்களுக்கும் சேர்த்து!

காலம், இடம், சொன்னவர் ஆகிய மூன்றையும் விட்டுவிட்டு எண்ணை மட்டும் எடுத்தால் அது சுருக்கமல்ல, திரிபு.

வணிகப் பெருமக்களே! சிட்டாவிலிருந்து பேரேட்டில் ஏற்றும்போது தேதியையும் பெயரையும் விடுவோமா? 'வரும்' என்றவர் பணத்தை 'வந்தது' என்று எழுதுவோமா? ஹதீஸில் அறிவிப்பாளர் யார் என்று முதலில் பார்க்கிற சமுதாயம் நாம். அந்தப் பழக்கம் வரலாற்றுக்கும் வேண்டும்.

இன்னொன்று. ஹோர்முஸ், கீஷ், ஏடன் கப்பல்கள் குதிரைகளோடு காயலுக்கு வந்ததாக மார்க்கோ போலோ எழுதியதை மகிழ்ச்சியோடு எடுத்துச் சொல்கிறோம். குதிரைகள் செத்தால்தான் வியாபாரம் என்று அந்த வணிகர்கள் குதிரை வைத்தியர்களை இங்கே வரவிடவில்லை என்றும் அவரே எழுதுகிறார். அந்த வரியை மறைக்கலாமா? கூடாது. மறைத்தால் நாளை வேறொருவர் அதை மட்டும் வெட்டி எடுத்து நம்மீது வீசுவார். அப்போது நம் கையில் பதில் இருக்காது.

பதில் உண்டு, முழுதாகப் படித்தவருக்கு! குதிரைகளை நாற்பது நாள் கட்டிப்போட்டுக் கொழுக்கவைத்து, பழக்காமலே முரட்டுத்தனமாக ஓட்டியதால்தான் அவை நலிந்தன என்கிறார் வஸ்ஸாஃப். ஒருவர் விற்றவரைக் குறை சொல்கிறார், மற்றவர் வாங்கியவரை. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, சொன்னவர் பெயரோடு எழுதுவதே நேர்மையான சுருக்கம்.

எனவே இளைஞர்களே, ஒரு துண்டுக் குறிப்பு கையில் கிடைத்தால் நான்கு கேள்விகள் கேளுங்கள். எழுதியவர் யார், எப்போது? கண்டாரா, கேட்டாரா? எந்த ஊரைச் சொல்கிறார்? முன்னும் பின்னும் என்ன வருகிறது? பிறகு நூலை மூடிவிட்டு உங்கள் சொந்த நடையில் நாலு வரி எழுதுங்கள். மீண்டும் நூலைத் திறந்து சரிபாருங்கள்.

1,400 குதிரைகளும் பெருமைதான் சகோதரர்களே! ஆதாரத்தோடு சொல்லும் சிறிய எண், ஆதாரமில்லாத பெரிய எண்ணைவிட வலுவானது.