அதிர்வுதாங்கியும் அதன் பிடியும்



அமெரிக்க நாட்டின் கலிபோர்ணியா மாநிலத்திலே, சியெறா நெவாடா மலைத்தொடரில், றூபிக்கன் என்னும் பாதையொன்று உண்டு. பாதை என்பது பெயரளவிலேதான். ஏறக்குறைய 35 கிலோமீற்றர் நீளமான அது பல இடங்களிற் கருங்கற் பாறைகளின் மேலேயே செல்கின்றது. வண்டிகள் அங்கே ஓடுவதில்லை, ஊர்ந்து செல்கின்றன. அவ்விடத்தில் வண்டியின் பின்புறத்து இரும்புப் பிடியொன்று பெயர்ந்துவிட்டால், உதவிக்கு ஒரு கறாஜ் அருகில் இல்லை.

இத்தகைய பாதைகளிற் பெரிதும் காணப்படுவனவற்றுள் ஒன்று, 1996 முதல் 2006 வரை செய்யப்பட்ட ஜீப் றாங்ளர் ரி. ஜே. என்னும் வண்டியாகும். முந்திய வகையிலிருந்த பட்டைவில்களுக்குப் பதிலாக, இதன் நான்கு சில்லுகளுக்கும் சுருள்வில்கள் அமைக்கப்பட்டன.

வில்லின் தொழில் வேறு. அதிர்வுதாங்கியின் தொழில் வேறு. வில் அமுங்கும்போது பெற்ற சக்தியை விரியும்போது திருப்பிக் கொடுத்துவிடும். வில் மட்டும் இருப்பின் வண்டி துள்ளிக்கொண்டேயிருக்கும். ‘ஷொக் அப்சோபர்’ என வழங்கும் அதிர்வுதாங்கியோ, எண்ணெயைச் சிறு துளைகளினூடாகச் செலுத்தி, அத்துள்ளலின் சக்தியை வெப்பமாக மாற்றி அடக்குகின்றது. அப்போது எழும் விசையை ஏற்பவை அதன் இரு முனைகளையும் பற்றியிருக்கும் பிடிகளே. விலையுயர்ந்த அதிர்வுதாங்கியை வாங்குவோர் பலர். அதன் பிடியைக் குனிந்து பார்ப்போர் சிலர்.

இவ்வண்டியின் பின்புறத்திலே இரு குறைகள் உண்டு. கீழ்ப்பிடி அச்சுக் குழாயினும் தாழ்ந்து தொங்குவதால் பாறையில் மோதி வளைகின்றது. மேற்பிடியின் ஆணிகள் உள்ளே ஒட்டப்பட்ட சுரைகளிற் பூட்டப்படுகின்றன. துரு ஏறினால், கழற்ற முயலும்போதே அவை முறிந்துவிடும். ஆகவே பல நாட்களுக்கு முன்பே எண்ணெய் ஊறவிடுதல் அறிவுடைமை.

பிடியைத் திருத்துவோர் தடித்த உருக்குத் தகட்டினாற் கீழ்ப்பிடி செய்து, அதனைச் சற்று உயர்த்தி அச்சில் ஒட்டுவர். ஆணியை ஒரு புறம் மட்டும் தாங்கும் பிடியினும் இரு புறமும் தாங்கும் பிடி வலியது. ஒரு புறம் மட்டும் தாங்கினால் ஆணி வளையும். சாய்வும் கவனித்தற்குரியது. இரு சில்லுகளும் ஒருங்கே ஏறி இறங்கும்போது, செங்குத்திலிருந்து 30 பாகை சாய்ந்த அதிர்வுதாங்கி முக்காற் பங்கு வேலையே செய்யும். 45 பாகை சாய்ந்தது பாதியே செய்யும்.

பிடியை உயர்த்தினால் இரு பிடிகளுக்கும் இடையிலுள்ள தூரம் குறையும். எனவே வில்லைக் கழற்றிவிட்டு, அச்சு முற்றாக ஏறிய நிலையிலும் முற்றாக இறங்கிய நிலையிலும் அத்தூரத்தை அளத்தல் வேண்டும். அச்சு மேலே முட்டும் றப்பர்த் தடை தன் வேலையைச் செய்யுமுன் அதிர்வுதாங்கி முற்றாக அமுங்குமாயின், அது தடையின் வேலையையும் தானே ஏற்கும். அவ்வடியிற் புதிய பிடியும் கிழியும்.

ஒட்டுவேலைக்குமுன் மின்கலத்தின் இணைப்பை நீக்கி, அதிர்வுதாங்கியைக் கழற்றி அப்பால் வைத்தல் வேண்டும். எரிபொருட் தாங்கியும் பிறேக் குழாயும் அருகிலிருப்பதை மறத்தலாகாது. தொடர்ந்து சூடேற்றினால் அச்சுக் குழாய் கோணும். ஆதலால் சிறிது சிறிதாக ஒட்டி ஆறவிடுதல் நன்று. கீழ்க்கண்ணின் றப்பர் முறுக்குண்டு கிழியாதிருக்க, வண்டியின் பாரம் சில்லுகளில் இறங்கிய பின்னரே அதன் ஆணியை இறுக்குதல் முறை.

பழுதான ஒட்டைச் சாயம் பூசி மறைத்துவிடலாம். கறாஜில் நிற்கும்போது அது நல்லதாகவே தோன்றும். மலைச்சரிவிலே அது விட்டுவிட்டால், தொங்கும் அதிர்வுதாங்கி பிறேக் குழாயை அறுக்கவுங்கூடும். அப்போது விலை கொடுப்பவர் ஒட்டியவரல்லர், வண்டியில் அமர்ந்திருப்பவரே. எவரும் காணாத இடத்திலே செய்யப்படும் வேலையே மிகுந்த நேர்மையை வேண்டி நிற்கின்றது.