புதுத் தொட்டிக்கும் உறை ஊற்ற வேண்டும்

தாம்பரம் பக்கத்தில் அஸ்தினாபுரத்தைச் சுற்றி, செம்பாக்கம், சிட்லபாக்கம் ஏரிகளின் பாசனத்தில் நெல் விளைந்த நிலங்கள் பெரும்பாலும் வீட்டு மனைகளாகிவிட்டன. மிச்சம் இருப்பது கொல்லையும் மொட்டை மாடியும்தான். அந்த இடத்தில் சிமெண்டுத் தொட்டி கட்டி, கப்பி, மோலி, தங்கமீன் வளர்த்துக் கொளத்தூர் வண்ண மீன் சந்தைக்குக் கொடுக்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. தாராளமாகச் செய்யலாம். ஆனால் தண்ணீர் நிரப்பிய மறுநாளே மீனை வாங்கி விட்டால் என்ன ஆகும்? பத்து நாளைக்குள் மீன்கள் செத்து மிதக்க ஆரம்பிக்கும். சீக்கு என்று நினைத்து மருந்து ஊற்றுவோம், மீதியும் போய்விடும். கோளாறு மீனில் இல்லை. தொட்டி இன்னும் பழகவில்லை, அவ்வளவுதான்.

மீன் கழிக்கும் கழிவிலிருந்தும், தின்னாமல் விட்ட தீனி அழுகுவதிலிருந்தும் அம்மோனியா உண்டாகிறது. அது மீனுக்கு விஷம். நைட்ரோசோமோனாஸ் போன்ற நுண்ணுயிர்கள் அதை நைட்ரைட்டாக மாற்றுகின்றன. அதுவும் விஷமே. பிறகு நைட்ரோஸ்பைரா போன்ற வேறு நுண்ணுயிர்கள் அதை நைட்ரேட்டாக்குகின்றன. நைட்ரேட் அளவோடு இருந்தால் கெடுதல் இல்லை. நீங்கள் வயலில் போடும் யூரியா பயிருக்கு உணவாக மாறுவதும் இதே வழியில்தான். வயல் மண்ணில் இந்த நுண்ணுயிர்கள் ஏற்கனவே குடியிருக்கின்றன. புதுத் தொட்டியில் அவை போதிய அளவு இல்லை.

1877-ல் பிரான்சில் ஷ்லோசிங், முன்ட்ஸ் என்ற இரு விஞ்ஞானிகள் சாக்கடை நீரை மணல் நிரப்பிய குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக விட்டுப் பார்த்தார்கள். முதல் 20 நாள் அம்மோனியா அப்படியே வெளியே வந்தது. பிறகுதான் நைட்ரேட்டாக மாறி வந்தது. குளோரோபார்ம் ஆவியைச் செலுத்தியதும் மாற்றம் நின்றுவிட்டது. இது உயிர்கள் செய்யும் வேலை, அவை பெருக நாள் பிடிக்கும் என்று அப்போதே தெரிந்துவிட்டது.

சிமெண்டுத் தொட்டியில் இன்னொரு ஆபத்தும் உண்டு. மண் பரிசோதனைச் சீட்டில் கார அமில நிலை என்று பார்த்திருப்பீர்கள். புது சிமெண்டின் சுண்ணாம்பு, தண்ணீரைக் காரமாக்கிவிடும். 30 டிகிரி வெப்பத்தில் கார அமில நிலை 7 என்றால், 100 பங்கு அம்மோனியாவில் கடும் விஷமான வடிவம் ஒரு பங்குகூட இராது. 8 ஆனால் சுமார் 7 பங்கு. 9 ஆனால் சுமார் 45 பங்கு! ஆகவே முதலில் தொட்டியை நிரப்பி, மூன்று நாலு நாள் ஊறவிட்டு வடித்துவிடுங்கள். இப்படி மூன்று நாலு தடவை செய்து, சோதனைத் தாளில் 8-க்குப் பக்கத்தில் வந்த பிறகே அடுத்த வேலை.

இனி தொட்டியைப் பழக்கும் முறை. குழாய்த் தண்ணீரானால் ஒரு நாள் திறந்து வையுங்கள், குளோரின் போய்விடும். அடியில் சரளைக் கல் பரப்பி, பஞ்சு வடிகட்டி வைத்து, காற்றுப் பம்பை இரவு பகலாக ஓட விடுங்கள். மேலே ஓலைப் பந்தல் போடுங்கள். மீன் விடாமலே, 100 லிட்டருக்கு ஒரு சிட்டிகை மீன் தீனி தினமும் போடுங்கள்.

"கையில் யூரியா இருக்கே, அதைப் போடலாமா?" என்று கேட்கலாம். வேண்டாமுங்க. ஒரே ஒரு கிராம் யூரியா 100 லிட்டர் தண்ணீரில் லிட்டருக்கு 4.6 மில்லி கிராம் தழைச்சத்தைச் சேர்த்துவிடும். கை கொஞ்சம் தாராளமானால் நுண்ணுயிரே திணறிப்போகும்.

மீன் கடைகளில் சோதனைத் துளி மருந்து கிடைக்கும். இரண்டு நாளுக்கொரு தரம் பாருங்கள். முதலில் அம்மோனியா ஏறி இறங்கும். பிறகு நைட்ரைட் ஏறி இறங்கும். தினமும் தீனி போட்டும் இரண்டும் பூஜ்யம், நைட்ரேட் மட்டும் தெரிகிறது என்றால் தொட்டி தயார். இதற்கு நாலு முதல் ஆறு வாரம் ஆகலாம்.

சீக்கிரம் ஆக வழி உண்டா? உண்டு. பாலுக்கு உறைமோர் ஊற்றுவதுபோல, நோயில்லாத பழைய தொட்டியின் வடிகட்டிப் பஞ்சையோ ஒரு கூடைச் சரளையையோ ஈரம் காயாமல் கொண்டுவந்து போடுங்கள். பாதி நாள் மிச்சமாகும்.

தயாரானதும் பாதித் தண்ணீரை மாற்றி, மூன்றில் ஒரு பங்கு மீனை மட்டும் விடுங்கள். பத்து நாள் கழித்து அடுத்த பங்கு. நடுவில் நைட்ரைட் தலைகாட்டினால் தண்ணீரில் கால் பங்கை மாற்றுங்கள். 1000 லிட்டருக்கு ஒரு கிலோ கல்லுப்பைக் கரைத்து ஊற்றினால், நைட்ரைட் மீனின் இரத்தத்தில் ஏறுவது குறையும்.

வடிகட்டிப் பஞ்சைக் குளோரின் கலந்த குழாய்த் தண்ணீரில் அலசாதீர்கள். வளர்த்த நுண்ணுயிர் எல்லாம் செத்துவிடும். தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள்.

விதைக்கு முன் நிலத்தைப் பண்படுத்த நாம் சலித்துக்கொள்வதில்லை. தொட்டிக்கும் ஒரு மாதம் கொடுங்கள். அந்த ஒரு மாதம் மீன் வாங்கும் பணம் உங்கள் மடியிலேயே பத்திரமாக இருக்கும். அதற்குப் பிறகு தொட்டியிலும் பத்திரமாக இருக்கும்.