ஒருபால் விவாகமும் நமது குடும்பங்களும்



2023 அக்டோபர் 17இல் சுப்ரீம் கோர்ட்டின் ஐந்து நீதிபதிகள், ஒருபாலார் மணந்துகொள்வது அடிப்படை உரிமையாகாதெனக் கூறி, அதனைப் பார்லிமெண்டுக்கே விட்டனர். மத்திய சர்க்காரோ இது நகரத்துச் சீமான்களின் அபிப்பிராயமென்றே வாதித்தது. விவகாரம் ஒழிந்ததென்று நம்மவரிற் சிலர் மகிழ்கின்றனர். ஒழியவில்லை. புரோகிதரில்லாச் சுயமரியாதை விவாகத்தையும் சென்னை ஹைகோர்ட் 1953இல் செல்லாதென்றது. 1967இல் சட்டசபையன்றோ அதனைச் செல்லுபடியாக்கிற்று? (அவ்விதம் மணந்தோரின் மக்கள் இச்சபையிலும் இருப்பர்.)

மதுரையினின்று சென்னைக்கு ஓடிவந்த இரு பெண்களின் வழக்கில், 2021இல் ஜஸ்டிஸ் ஆனந்த் வெங்கடேஷ், தாமே மனோதத்துவ நிபுணரிடம் விஷயங் கேட்டறிந்து, போலீசார் அத்தகையோரைத் துன்புறுத்தலாகாதென உத்தரவிட்டார். அங்கே புகார் கொடுத்தோர் அயலாரல்லர், பெற்றோரே. நம் வீட்டில் நேரின், ஸ்டேஷனுக்குப் போகுமுன் பெண்ணிடம் ஒரு வார்த்தை கேட்போமா? அடுத்த கூட்டத்தில் தாய்மார்களே பேசவேண்டுகிறேன்.