பழைய தமிழ்க் கோப்புகளும் மெய்நிகர் இயந்திரமும்

(ரொறன்ரோவில் பெற்றோருக்கும் இளையோருக்குமாக நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)



1981 ஆம் ஆண்டு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரியூட்டப்பட்டபோது ஏறத்தாழ 97,000 நூல்களும் சுவடிகளும் அழிந்தன. இன்று நூலக நிறுவனம் 2005 முதல் ஈழத்து நூல்களை எண்ணிம வடிவில் பேணி வருகின்றது. ரொறன்ரோப் பல்கலைக்கழகத்தின் ஸ்காபரோ வளாக நூலகமும் தமிழ் ஆவணப் பணியில் இணைந்துள்ளது. எனினும், நம் வீடுகளிலேயே தீயின்றி அழிந்துகொண்டிருக்கும் ஆவணங்கள் உள்ளன. அவை, 1990களிலும் 2000களிலும் நாம் கணினியில் தட்டெழுதிய விழா மலர்கள், நினைவு மலர்கள், கதைகள், கட்டுரைகள் ஆகியன.

அவற்றுள் பெரும்பாலானவை பாமினி போன்ற எழுத்துருக்களில் அமைந்தவை. அந்த எழுத்துருக்கள் ஆங்கில எழுத்துகளின் இடத்தில் தமிழ் வடிவங்களை வைத்தன. ஆகவே எழுத்துரு இல்லாத கணினியில் ‘அம்மா’ என்னும் சொல் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் என்றே தோன்றும். மலர்களை வடிவமைத்த பேஜ்மேக்கர் மென்பொருளின் இறுதிப் பதிப்பு 2001 இல் வெளிவந்தது. இன்றைய கணினிகள் அதன் கோப்புகளை எளிதில் திறப்பதில்லை.

இதற்கு மெய்நிகர் இயந்திரம் ஒரு வழியாகும். ஒரு கணினிக்குள் மென்பொருளால் அமைந்த இன்னொரு கணினியே அது. அதன் வன்தட்டும் ஒரு கோப்புத்தான். ஐபிஎம் நிறுவனம் 1960களிலேயே கையாண்ட இக்கருத்தை, இலவசமாகக் கிடைக்கும் வேர்ச்சுவல்பொக்ஸ் நம் வீட்டுக் கணினிக்குக் கொண்டுவந்துள்ளது. உரிமமுள்ள விண்டோஸ் எக்ஸ்பி, பேஜ்மேக்கர், பாமினி மூன்றையும் அதனுள் நிறுவினால் அந்தப் பழைய மேசை மீண்டும் உயிர்பெறும். எக்ஸ்பிக்கான ஆதரவு 2014 இல் நிறுத்தப்பட்டமையால் அந்த இயந்திரத்தை இணையத்துடன் இணைக்கவே கூடாது.

இளையோரே, இங்கே உங்களிடம் ஒரு வேண்டுகோள். சுட்டியால் சொடுக்கி அமைப்பதோடு நின்றுவிடாதீர்கள்; கட்டளை வரியைக் கற்றுக்கொள்ளுங்கள். ‘விபொக்ஸ்மனேஜ்’ என்னும் கட்டளையே அதற்கான கருவி. அதனுடன் ‘லிஸ்ட் விஎம்எஸ்’ சேர்த்தால் இயந்திரங்களின் பட்டியல் வரும். ‘ஸ்டார்ட்விஎம்’ இயந்திரத்தை இயக்கும். ‘ஸ்னப்ஷொட்’ அக்கணத்து நிலையைப் பதிந்துவைக்கும். ‘குளோன்விஎம்’ நகல் எடுக்கும். ‘எக்ஸ்போர்ட்’ முழு இயந்திரத்தையும் வேறு கணினிக்கு எடுத்துச்செல்லத்தக்க பொதியாக்கும்.

சொடுக்கியவற்றைச் சில மாதங்களில் மறந்துவிடுவோம். கட்டளைகளையோ ஓர் உரைக் கோப்பில் வரிசையாக எழுதி, ஒவ்வொன்றும் எதற்கென்று தமிழிலேயே குறிப்பிட்டு வைக்கலாம். அதனைப் பெறும் மற்றொருவர் அதே பணியை அப்படியே செய்வார். ஒவ்வொரு கோப்பையும் திறக்குமுன் ஸ்னப்ஷொட் எடுங்கள். ஏதேனும் பிழைத்தால் ஒரே கட்டளையில் முன்னைய நிலைக்குத் திரும்பலாம். ஆனால் ஸ்னப்ஷொட் காப்புப்படி ஆகாது. அது மூல வட்டுக் கோப்பையே சார்ந்திருப்பதால், அந்த வன்தட்டு பழுதானால் இரண்டும் போய்விடும். வெளியே எடுத்த பொதியை வேறொரு வட்டிலும், வேறொரு வீட்டிலும் வையுங்கள்.

பெற்றோர்களே, பிள்ளைகள் கோப்பைத் திறந்து, எழுத்தை ஒருங்குறிக்கு மாற்றிவிடுவார்கள். ஆயினும் பணி அங்கே முடிவதில்லை. பாமினி எழுத்தின் நடுவே ஆங்கிலப் பெயரோ முகவரியோ இருந்தால் மாற்றி அதனையும் தமிழாகக் கருதிச் சிதைத்துவிடும். எது ஊர்ப்பெயர், எது ஆட்பெயர், எது பிழை என்று அறிந்தவர்கள் நீங்களே. அருகில் அமர்ந்து மெய்ப்புப் பாருங்கள்.

இந்த வார இறுதியில் நிலக்கீழ் அறையிலுள்ள பெட்டிகளைத் திறவுங்கள். நெகிழ்தட்டுகளும் குறுந்தட்டுகளும் ஆண்டுதோறும் நலிந்து வருகின்றன. முதலில் அவற்றின் கோப்புகளைப் படியெடுங்கள். மூலத்தை ஒருபோதும் மாற்றாதீர்கள். எழுதியவர்கள் நம்மோடு இருக்கும்போதே இப்பணியைத் தொடங்குவோம்.