சிரிக்கும் சூரியச் சீட்டும் ஒரு நல்ல வார்த்தையும்

பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்.

 

இன்று ஒரு படத்தைப் பற்றி உங்களுடன் பேச விரும்புகின்றேன். சில மாதங்களுக்கு முன்னர் இஷாத் தொழுகை முடிந்து பள்ளிவாசல் ஹவ்ழடியில் நின்றுகொண்டிருந்தபோது, எனக்குத் தெரிந்த ஒரு மாணவர் தமது கையடக்கத் தொலைபேசியை என் முன் நீட்டினார். திரையில் ஒரு வண்ணப் படம். மேலே முகமுள்ள பெரிய சூரியன். அதன் கீழே வெள்ளைக் குதிரையின் மீது சேணமின்றி அமர்ந்து, இரு கைகளையும் விரித்து மகிழும் ஒரு சிறு குழந்தை. குழந்தையுடன் ஒரு பெரிய சிவப்புக் கொடி. பின்னால் ஒரு மதில். மதிலுக்கு மேலே நான்கு சூரியகாந்திப் பூக்கள்.

“ஹஸரத், இவ்வளவு நல்ல படம் ஏன் பொய் சொன்னது?” என்று அவர் கேட்டார்.

அவருடைய கதையை அவரின் அனுமதியுடனேயே கூறுகின்றேன். உயர்தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்காகக் காத்திருந்த காலத்தில், குறி சொல்லும் இந்தச் சீட்டுகளைத் தொலைபேசியில் தினமும் எடுத்துப் பார்த்திருக்கின்றார். சூரியன் வந்தது. ‘வெற்றி, மகிழ்ச்சி, நினைத்தது கைகூடும்’ என்று அதன் கீழே எழுதியிருந்தது. அந்த நம்பிக்கையில், தொழில்நுட்பக் கற்கைநெறி ஒன்றிற்காக வாங்கி வைத்திருந்த விண்ணப்பப் படிவத்தை நிரப்பாமலே விட்டுவிட்டார். முடிவுத் திகதி கடந்தது. பின்னர் பெறுபேறு வந்தது. அவர் எதிர்பார்த்த பல்கலைக்கழகத் துறைக்கு அது போதவில்லை. ஓராண்டு வீணாயிற்று.

நேயர்களே! “அது ஹராம், அதைத் தொடாதே” என்று ஒரே வரியில் கூறிவிட்டு நான் வீட்டுக்குப் போயிருக்கலாம். ஆனால், அவர் கேட்ட கேள்வி நியாயமானது. எனவே அந்தப் படம் என்ன, எங்கிருந்து வந்தது என்பதை முதலில் பார்ப்போம்.

டாரட் என்னும் சீட்டுக்கட்டில் 78 சீட்டுகள் உள்ளன. அவற்றுள் 22 தனிச் சித்திரச் சீட்டுகள். சூரியன் அவற்றில் 19ஆம் இலக்கம். அந்த மாணவர் காட்டிய படம் 1909ஆம் ஆண்டில் இலண்டனில் வெளியானது. ஆர்தர் எட்வர்ட் வெயிட் என்பவர் வகுத்துக் கொடுக்க, பமீலா கோல்மன் ஸ்மித் என்ற பெண் ஓவியர் சில மாதங்களுக்குள் அந்தக் கட்டு முழுவதையும் வரைந்தார். குழந்தை கள்ளமில்லா உள்ளத்திற்கு அடையாளம் என்றும், மதில் இந்தப் புலனுலக வாழ்வின் எல்லை என்றும், குழந்தை அதனைத் தாண்டிப் பேரொளியை நோக்கி வருகின்றது என்றும் வெயிட் தமது நூலில் விளக்கினார். குறி பார்ப்போருக்காக அவர் தந்த பொருளோ மிகச் சுருக்கமானது: உலக இன்பம், நற்றிருமணம், மனநிறைவு. சீட்டு தலைகீழாக விழுந்தால்? அப்போதும் அதே பொருள்தானாம். அளவில் சற்றுக் குறைவு, அவ்வளவே!

இதனைச் சற்றுச் சிந்தியுங்கள். நேராக விழுந்தாலும் நற்செய்தி, தலைகீழாக விழுந்தாலும் நற்செய்தி. எடுப்பவர் படித்தவரா படிக்காதவரா, விண்ணப்பம் அனுப்பியவரா அனுப்பாதவரா என்பதை அது கேட்பதில்லை. ஒரு காலையில் ஆயிரம் பேர் ஆளுக்கொரு சீட்டை எடுத்தால், கணக்கின்படி ஏறத்தாழ 13 பேருக்குச் சூரியன் வரும். அந்தப் பதின்மூவரும் ஒருவருக்கொருவர் சற்றும் ஒப்பில்லாதவர்களாக இருக்கலாம். செய்தி மட்டும் ஒன்றே.

இதையெல்லாம் பண்டைய எகிப்தின் ஞானம் என்று சொல்லி விற்பவர்கள் இருக்கின்றார்கள். 1781இல் பிரான்சில் கூர் த ஜெபெலின் என்பவர் தொடக்கி வைத்த கதை அது. அன்று எகிப்தியச் சித்திர எழுத்தை வாசிக்கத் தெரிந்தவர் உலகில் ஒருவரும் இருக்கவில்லை. ஷம்போலியன் அதனைப் படித்தறிந்தது 1822இல்தான். மதிலுக்கு மேல் நிற்கும் சூரியகாந்தியோ அமெரிக்கக் கண்டத்துச் செடி. 16ஆம் நூற்றாண்டில்தான் அது ஐரோப்பாவை அடைந்தது. பிர்அவ்ன்களின் காலத்து எகிப்தியர் அதனைக் கண்டதேயில்லை!

எகிப்துடன் உண்மையான தொடர்பு ஒன்று உண்டு. அது நம்மவர் பலருக்கும் தெரியாது. நாம் சீட்டு என்றும் கடதாசி என்றும் சொல்லும் இந்த விளையாட்டுப் பொருள், மம்லூக் சுல்தான்களின் ஆட்சிப் பகுதியிலிருந்தே 1370களில் ஐரோப்பாவை அடைந்ததாக ஆய்வாளர்கள் கருதுகின்றனர். அத்தகைய மம்லூக் சீட்டுகள் இஸ்தான்புல் தோப்காபி அரண்மனை நூதனசாலையில் இன்றும் உள்ளன. கிண்ணம், நாணயம், வாள், போலோ மட்டை என்று நான்கு இனங்கள். அரசன், அவனது நாயிப், இரண்டாம் நாயிப் என்று பதவிகள். மனித உருவம் இல்லை. அழகிய அரபு எழுத்தே அவற்றின் அலங்காரம். ஸ்பானிய மொழியில் சீட்டுக்கு வழங்கும் ‘நைப்பே’ என்ற சொல்லும் அந்த நாயிபிலிருந்து வந்ததென்றே பொதுவாகக் கொள்ளப்படுகின்றது. 15ஆம் நூற்றாண்டில் இத்தாலியர் இவற்றோடு சூரியன், சந்திரன் முதலிய சித்திரங்களைச் சேர்த்து விளையாடினார்கள். ஆம், விளையாடினார்கள். பிரான்சில் இன்றும் டாரட் ஒரு சாதாரணச் சீட்டாட்டமே. மூன்று நூற்றாண்டுகள் விளையாட்டாக இருந்த ஒன்று, 18ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில்தான் பரவலாகக் குறி சொல்லத் தொடங்கியது.

“ஆனால் ஹஸரத், சீட்டில் சொன்னதெல்லாம் எனக்கு அப்படியே பொருந்தியதே!” என்றார் மாணவர்.

பொருந்தத்தான் செய்யும். 1948இல் அமெரிக்காவில் பெர்ட்ரம் ஃபோரர் என்ற உளவியலாளர் தம் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு சோதனை வைத்தார். பின்னர் ஒவ்வொருவரின் குணத்தையும் தனித்தனியே ஆராய்ந்து எழுதியதாகக் கூறி ஒரு தாளைக் கொடுத்து, அது எந்தளவுக்குப் பொருந்துகின்றது என்று ஐந்துக்குப் புள்ளியிடச் சொன்னார். சராசரி 4.26. அதன் பிறகுதான் உண்மை வெளிப்பட்டது: எல்லோருக்கும் கொடுக்கப்பட்டது ஒரே வாசகம், அதன் பகுதிகள் கடையில் கிடைத்த ஒரு சோதிடப் புத்தகத்திலிருந்து எடுக்கப்பட்டவை. அம்மாணவர்கள் மூடர்கள் அல்லர். தன்னைப் பற்றி எவரேனும் அக்கறையோடு பேசமாட்டார்களா என்று ஏங்குவது மனித இயல்பு.

அடுத்து நான் அவரிடம் ஒன்று கேட்டேன்: “முதல் நாளே சூரியனா வந்தது?” அவர் சற்றுத் தயங்கினார். பின்னர், “இல்லை. முதலில் இடி விழுந்த கோபுரம் வந்தது. அது சரியில்லை என்று அழித்துவிட்டுத் திரும்பத் திரும்ப எடுத்தேன்” என்றார்.

எனக்குச் சுராக்கா இப்னு மாலிக்கின் நினைவு வந்தது. ஹிஜ்ரத்தின்போது, பரிசுக்கு ஆசைப்பட்டு நபி (ஸல்) அவர்களைத் துரத்திச் சென்றவர் அவர். வழியில் குறி பார்க்கும் அம்புகளை எடுத்துப் பார்த்தார். அவர் விரும்பாத குறியே வந்தது. அம்பு சொன்னதைக் கேட்டாரா? இல்லை, அதை மீறிக் குதிரையை மேலும் விரட்டினார். குதிரையின் முன்னங்கால்கள் மணலில் புதைந்த வரலாற்றை நீங்கள் அறிவீர்கள். குறி பார்ப்பவனின் உள்ளம் பெரும்பாலும் இப்படித்தான். பிடித்ததைச் சொல்லும்வரை கேட்பான். பிடிக்காததைச் சொன்னால் மீறுவான். பின்னர் அந்தக் குறியினால் பயன் என்ன? இத்தகைய அம்புகளை அல்குர்ஆன் மதுவுடனும் சூதாட்டத்துடனும் சேர்த்தே தடை செய்திருப்பதை அல்மாயிதா அத்தியாயத்தில் காணலாம். “விளையாட்டாகத்தானே பார்த்தேன்” என்போர், விண்ணப்பப் படிவம் மேசையிலேயே கிடந்துபோனதை எண்ணிப் பார்க்கட்டும்.

சூரியனைப் பற்றிப் பேசும்போது வேறொரு நாளையும் நான் மறக்க முடியாது. நபி (ஸல்) அவர்களின் அருமை மகன் இப்ராஹீம் ஏறத்தாழ ஒன்றரை வயதில் மரணித்த அன்று மதீனாவில் சூரிய கிரகணம் ஏற்பட்டது. அது 632 ஜனவரி 27 என்று வானியற் கணக்கைக் கொண்டு கூறுவர். இப்ராஹீமின் மரணத்திற்காகவே சூரியன் இருண்டது என்று மக்கள் பேசிக்கொண்டார்கள். அன்பின் மிகுதியால் எழுந்த பேச்சு அது. துயரத்திலிருந்த ஒரு தந்தைக்கு அது ஆறுதலாகவும் இருந்திருக்கும். மௌனமாக இருந்திருந்தால் அவர்களின் மதிப்பு மக்களிடம் இன்னும் உயர்ந்துமிருக்கும். அன்னார் மௌனமாக இருக்கவில்லை. சூரியனும் சந்திரனும் அல்லாஹ்வின் அத்தாட்சிகளில் இரண்டு. எவருடைய மரணத்திற்காகவும் எவருடைய வாழ்வுக்காகவும் அவற்றுக்குக் கிரகணம் பிடிப்பதில்லை என்று மக்களுக்குத் தெளிவுபடுத்தினார்கள். இறைத்தூதரின் குழந்தைக்காகப் பேசாத சூரியன், நமது பரீட்சைப் பெறுபேற்றுக்காகப் பேசுமா?

அதே சூரியனின் மீது சத்தியமிட்டுத் தொடங்கும் அஷ்ஷம்ஸ் அத்தியாயத்தில் வெற்றியைப் பற்றியும் கூறப்படுகின்றது. அங்கே வெற்றி, தன் ஆன்மாவைத் தூய்மைப்படுத்தியவருக்கு உரியதாகின்றது. அதாவது, ஒருவர் செய்த செயலுக்கு!

இவ்விடத்தில் நாம் பிறரைப் பார்த்துச் சிரித்துவிட்டுப் போக முடியாது. நம் வீடுகளில் ‘பால் கிதாபு’ பார்த்த தலைமுறை ஒன்று இருந்தது. பிள்ளைக்குக் காய்ச்சல் என்றாலும், நகை தொலைந்தாலும், அந்தக் கிதாபைத் திறந்து விரலை வைப்பார்கள். 16, 17ஆம் நூற்றாண்டுகளில் ஸபவீ, உஸ்மானிய அரசவைகளிலும் ‘பால்நாமா’ என்னும் பெரும் சித்திர நூல்கள் இருந்தன. ஏதோ ஒரு பக்கத்தைத் திறந்து, அங்குள்ள படத்துக்கு எதிரே எழுதியிருக்கும் பலனை வாசிப்பது வழக்கம். டாரட்டுக்கும் அதற்கும் அதிக தூரமில்லை.

வேடிக்கை என்னவென்றால், இந்த ‘பால்’ என்ற சொல் நபிமொழியில் வேறு பொருளில் வருகின்றது. சகுனம் பார்ப்பதை நபியவர்கள் மறுத்தார்கள். ஆனால் ‘பஃல்’ எனக்குப் பிடிக்கும் என்றார்கள். அது என்ன என்று தோழர்கள் வினவியபோது, நல்ல வார்த்தை என்று விளக்கினார்கள். ஹுதைபிய்யாவில் பேச்சுவார்த்தைக்கு ஸுஹைல் வந்தபோது, அந்தப் பெயரிலுள்ள ‘இலகு’ என்ற பொருளைக் கொண்டு, உங்கள் காரியம் இலகுவாகிவிட்டது என்று தோழர்களுக்கு உற்சாகமூட்டினார்கள். அதன் பின் உட்கார்ந்து, ஒவ்வொரு நிபந்தனையாகப் பேசித்தான் உடன்படிக்கையை எழுதினார்கள். நல்ல வார்த்தை வேலையைத் தொடங்கி வைத்தது.

பெற்றோர்களே, இனி நான் சொல்லப்போவது உங்களுக்கு.

நான் இவற்றையெல்லாம் அந்த மாணவருக்கு எடுத்துச் சொன்னேன். அவர் மறுக்கவில்லை. தொலைபேசியை அணைத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு மெதுவாகச் சொன்னார்: “எங்கட வீட்டுல எனக்கு நல்லது நடக்குமெண்டு சொன்னது இந்தப் படம் மட்டும்தான், ஹஸரத்.”

அதற்கு என்னிடம் உடனே பதில் இருக்கவில்லை.

அடுத்த ஜும்ஆவின் பின்னர் அவருடைய வாப்பாவைச் சந்தித்தேன். சிறிய கடை வைத்திருப்பவர். காலை ஆறு மணிக்குத் திறந்து இரவு ஒன்பதுக்கு மூடுபவர். சீட்டைப் பற்றி நான் பேசவில்லை. மகன் சொன்ன அந்த ஒரு வார்த்தையை மட்டும், மகனின் சம்மதத்தோடு, சொன்னேன். வெகுநேரம் நிலத்தைப் பார்த்துக்கொண்டு நின்றார். “சோறு போடுறன், டியூஷனுக்குக் காசு கட்டுறன். அதுவே அவனுக்கு விளங்கும் எண்டு நெனச்சிட்டன்” என்றார்.

அண்மையில் அதே கற்கைநெறிக்கு மீண்டும் விண்ணப்பம் கோரியிருந்தார்கள. நற்சான்றுக் கடிதம் கேட்டுத் தந்தையும் மகனும் ஒன்றாகவே என் வீட்டுக்கு வந்தார்கள். படிவம் இம்முறை நிரப்பப்பட்டிருந்தது. நான் கடிதம் எழுதிக்கொண்டிருக்கையில் வாப்பா தாமாகவே சொன்னார்: “இவன் கைவேலையில கெட்டிக்காரன், ஹஸரத். பத்து வயசுல வீட்டு ஃபேனைக் கழற்றித் திரும்பப் பூட்டினவன். இவன் நல்லா வருவான்.”

மகன் சட்டென்று திரும்பி வாப்பாவின் முகத்தைப் பார்த்தார். நான் கடிதத்தில் கையொப்பமிட்டுக் கொடுத்தேன்.